செம்பருத்தி வாங்க போயி டுரியானோட சொந்தக்காரங்கள பாத்துட்டு வந்தேன் (4 ஸ்டார்)

மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன தாண்டி, பால்மரம் (ரப்பர்) முடிஞ்சு செம்பனை ஆரம்பிக்கிற எடத்துல நீல தார்ப்பாய் கட்டிருக்கும், அதான் இந்த பூச்செடி கடை, போர்டெல்லாம் கிடையாது. ஒரு செம்பருத்தி வாங்கத்தான் நிறுத்துனேன், ஒரு மணி நேரம் போயிருச்சு.

மத்த கடையில பூச்செடி ஒரு பக்கம் பழக்கன்னு ஒரு பக்கம் இருக்கும்ல, இங்க செம்பருத்திக்கு பக்கத்துல டுரியான் கன்னு, அடுத்து கொக்கோ, அடுத்து வெண்டக்கா நாத்து. என்ன அங்கிள் கலந்து கெடக்குன்னு கேட்டா எல்லாம் ஒரே குடும்பம்மாங்கிறாரு! எண்ணெ டின்ன வெட்டி தகடு செஞ்சு குத்தி வச்சிருக்காரு, டுரியான் தகட்டுல பொம்பகேசியேன்னு பழைய குடும்ப பேரு எழுதுனத செவப்பு பெயிண்ட்ல அடிச்சிட்டு கீழ மால்வேசியேன்னு, அதாவது செம்பருத்தி குடும்பம்னு திருத்திருக்கு. கொக்கோவுலயும் அதே கூத்துதான்.

ஏன் மாத்துனீங்கன்னு கேட்டா அங்கிள் ஒரு கதையே சொன்னாரு. லின்னேயஸ்னு சுவீடன் நாட்டு தாவர ஆராய்ச்சியாளர் 1753ல பூவுக்குள்ள கேசரம் (மகரந்தம் நிக்கிற காம்பு) எத்தனன்னு எண்ணி செடிகள பிரிச்சாரு, பின்னால வந்தவங்க பூ காய் இலைன்னு மொத்த சாடையும் பாத்தாங்க, இப்ப டிஎன்ஏவாம். 1998ல ஏபிஜின்னு ஒரு ஆராய்ச்சி கூட்டம் பூக்கிற செடிகளுக்கு புது வரிசை போட்டுச்சு, 2016ல வந்த நாலாவது பதிப்புல 416 குடும்பம். "மூஞ்சிய பாத்து சொந்தம் சொன்ன காலம் போச்சும்மா, இப்ப ரத்தம் எடுத்து பாக்குறான்"னாரு. தாமரையும் அல்லியும் கூட தள்ளித்தள்ளி வேற வேற தொட்டியில, ரெண்டுக்கும் நெருங்குன சொந்தமே இல்லயாம், தாமரைக்கு கிட்டத்து சொந்தம் வெளிநாட்டுல ரோட்டோரம் நிக்கிற பிளேன் மரமாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது கீழாநெல்லி. முந்தி பால்மரத்து குடும்பத்துல இருந்துச்சாம், இப்ப தனிக்குடித்தனம் போயிருச்சு. கீழாநெல்லிய கிள்ளுனா பாலே வராது, பால் வெட்டுன எங்கப்பாட்ட கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பாரு.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, 15 வெள்ளி குடுத்து வாங்குன செம்பருத்தி, வீட்டுக்கு வந்து பாத்தா இலைக்கு அடியில பூரா மாவுப்பூச்சி. குடும்பம் பாத்த மனுசன் இலைய திருப்பி பாக்கல. அப்புறம் கேஷ் மட்டும்தான், நாலு பேரு காத்து நின்னாலும் பேச்ச நிறுத்த மாட்டாரு.

மறுநாள் கொண்டு போனேன், ஒரு வார்த்த கேக்காம மாத்தி குடுத்துட்டாரு. ஆனா பாம்புச்செடியோட அறிவியல் பேரு இப்ப சான்சிவேரியா இல்ல, டிரசீனான்னு ஆரம்பிச்சாரு பாருங்க, வீட்டுல சோறு ஆக்க ரெண்டு மணியாயிருச்சு.