டயர் ரப்பர்: ஜல்லிக்குப் பதிலா, மணலுக்குப் பதிலா, தாருக்குள்ளா?

பழைய டயரைக் கான்கிரீட்டில் போடலாம் என்றதும் முதலில் வருவது சந்தேகம்தான். கல் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தென்று ஒன்றை வைத்தால் கட்டடம் நிற்குமா? நியாயமான கேள்வி. 1993-இல் எல்டின், செனூச்சி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், ஜல்லி முழுவதையும் எடுத்துவிட்டு டயர் துண்டுகளைப் போட்டபோது அழுத்தம் தாங்கும் வலு 85 சதவீதம் வரை விழுந்தது. மணலுக்குப் பதிலாக ரப்பர் துகளைப் போட்டபோது 65 சதவீதம் வரை.

ஆக இந்த இரண்டுக்குள் போட்டி என்றால் மணல் பக்கம்தான் என் ஓட்டு. பெரிய ரப்பர் துண்டு, சுமை வந்ததும் அமுங்கிக்கொடுத்துவிடும். கான்கிரீட்டின் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட ஒரு ஓட்டை. அதன் விளிம்பிலிருந்துதான் விரிசல் கிளம்பும். துகளும் அமுங்கத்தான் செய்யும், ஆனால் ஓட்டைகள் சிறிதாகி எங்கும் பரவிவிடுகின்றன. இரண்டுக்கும் பொதுவான இன்னொரு வியாதி: ரப்பருக்குத் தண்ணீர் ஆகாது. அதைச் சுற்றிக் காற்று ஒட்டிக்கொள்ளும், சிமென்ட் சரியாகப் பிடிக்காது. துகளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் பிடிப்பு கூடும் என்கிறார்கள். பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது, அதனால் இதை மட்டும் நம்பி இறங்க மாட்டேன்.

ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "10 சதவீதம் மாற்றினோம்" என்று இருந்தால், எடையிலா கன அளவிலா என்று பாருங்கள். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், மணலுடையது சுமார் 2.65, ரப்பருடையது 1.1-ஐ ஒட்டியது. எடைக்கு எடை மாற்றினால், எடுத்த மணலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை ரப்பர் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஆய்வுகளின் முடிவு ஒத்துப்போகாமல் இருக்க இது ஒன்றே போதும்.

சரி, வலுவைக் கொடுத்துவிட்டு என்ன வாங்குகிறோம்? சாதாரண கான்கிரீட் கட்டியை உடைத்தால் பட்டென்று சிதறும். ரப்பர் கலந்தது விரிசல் விட்டும் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மோதலை வாங்கிக்கொள்ளும், எடை குறையும், வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து உருகி ஏற்படும் சேதத்தையும் நன்றாகத் தாங்கும் (ரப்பரோடு வந்த காற்று இங்கே உதவிக்கு வருகிறது). அதனால் சாலைத் தடுப்பு, நடைபாதைக் கல் என்றால் தாராளமாகப் போடலாம். தூண், உத்தரம் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

டயருக்குள் ரப்பர் மட்டுமா இருக்கிறது? எஃகுக் கம்பியும் இருக்கிறதே. அதைப் பிரித்தெடுத்து இழையாகக் கலந்தால், விரிசல் விட்ட பிறகும் கான்கிரீட் வளைவைத் தாங்குகிறது. வலு பெரிதாகக் குறைவதும் இல்லை. கான்கிரீட்டுக்கு டயர் தரக்கூடிய சிறந்த பொருள் ரப்பரைவிட இந்தக் கம்பிதான் என்று எனக்குப் படுகிறது. ஒட்டியிருக்கும் ரப்பரையும் நூலையும் சுத்தமாக நீக்க வேண்டும். அளவு மீறினால் கம்பிகள் கலவையில் உருண்டை கட்டிக்கொள்ளும்.

அப்போ ரப்பர்? அதற்கு ஏற்ற இடம் தார். 1960-களில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் சார்லஸ் மெக்டொனால்டு என்ற பொறியாளர் சூடான தாரில் துகளைக் கலந்து சாலைக்குப் பயன்படுத்தினார். தாரின் எண்ணெயை உறிஞ்சி ரப்பர் ஊதிப்போய், தாரையே ரப்பர் மாதிரி இழுபட்டு மீள்வதாக மாற்றிவிடுகிறது. கான்கிரீட்டில் விருந்தாளி மாதிரி ஒதுங்கி உட்கார்ந்திருப்பது, இங்கே வீட்டு ஆளாகிவிடுகிறது. கையில் இருக்கும் துகள் கொஞ்சம்தான் என்றால் நான் சாலைக்குத்தான் கொடுப்பேன். சிமென்ட் சூளையில் டயரை எரிபொருளாகப் போடுவதும் உண்டு. அதில் இரும்புகூட வீணாகாமல் சிமென்டில் சேர்ந்துவிடும். ஆனாலும் ரப்பர் ஒரே தடவையில் எரிந்து போகிறது.

கான்கிரீட்டில்தான் போடப்போகிறீர்கள் என்றால், வைப்ரேட்டரை (கலவையை அதிரவைத்து இறுக்கும் கருவி) வழக்கம்போல நெடுநேரம் வைத்திருக்காதீர்கள். எடை குறைந்த துகள் மேலே மிதந்து வந்துவிடும்.