தரங்கம்பாடி போனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்

பொறையாறு தாண்டி, 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் எல்லோரும் நேராக டேனிஷ் கோட்டைக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது பக்கத்தில் உள்ள கோல்ட்ஸ்மித் தெருவைப் பற்றி.

2004 சுனாமிக்குப் பிறகு பழைய பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு, டென்மார்க்கின் பெஸ்ட்செல்லர் அறக்கட்டளை உதவியோடு அங்கே பாழடைந்து கிடந்த பழைய வீடுகள் சிலவற்றைச் சீரமைத்தது. திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு. நம் டெல்டா வீடுதான்.

கூட வந்த அப்பா நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். ஒரு சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புப் பூச்சும்மா" என்றார். அப்புறம் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் பழைய செங்கல் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கல்லை அரித்துவிடும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் கலவை குழைத்த காலத்தையெல்லாம் சொன்னார். இவ்வளவு பொறுமையான வேலையை இன்று யாரோ செய்யவைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

குறை ஒன்றுதான். நாங்கள் போனது உச்சி வெயிலில், தண்ணீர் பாட்டிலுக்கே வெகுதூரம் நடந்தோம். இந்தத் தெருவிலேயே உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் டீக்கடை ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! காலையில் ஏழு மணிக்கே போங்கள், சரியா?