ஆர்.எக்ஸ். 100 பஞ்சு ஏர் ஃபில்டர்: 7 ஆண்டுகள், 4 எண்ணெய்கள்

என் அப்பா 1995-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 இன்றும் என் அன்றாட வண்டி. வீடு திருமங்கலத்தில் இருக்கிறது, டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் கரிசல் காட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. மாதத்தில் இரண்டு மூன்று முறை வேலையாக மேலூர்ப் பக்கம் போய்வர வேண்டியிருக்கிறது. ஆக, மாதம் 400 கிலோமீட்டருக்குக் குறையாமல் இந்த வண்டி தூசியில்தான் ஓடுகிறது. அதன் ஏர் ஃபில்டரில் (எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் பெட்டியில்) இருக்கும் நுரைப் பஞ்சைக் கழுவி எண்ணெய் தடவும் வேலையை 2018 முதல் நானே செய்து, செய்த தேதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2018-க்கு முன் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். 2016-இல் எஞ்சினைப் பிரித்து லேத் பட்டறையில் போர் போட்டு, அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சற்றே அகலமாக்கி, அதற்கேற்ப 0.25 மில்லிமீட்டர் பெரிய ஓவர் சைஸ் பிஸ்டன் ஏற்றினோம். இந்த வண்டிக்குச் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் தலா 50 மில்லிமீட்டர்தான்; இவ்வளவு சிறிய சிலிண்டரில் மயிரிழைத் தேய்மானம்கூட இழுவையில் தெரிந்துவிடும். இரண்டே ஆண்டுகளில், 9,000 கிலோமீட்டருக்குள், கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாத நிலைக்கு வண்டி வந்தது. பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் கிழிந்திருந்தன, ரிங்குகள் தேய்ந்திருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளும் ஒவ்வொரு சர்வீசிலும் பஞ்சைப் பெட்ரோலில் அலசி, காற்றடித்துக் காயவைத்து, எண்ணெய் தொடாமல் அப்படியே மாட்டிக் கொடுத்திருந்தார்கள். அதில் தவறு இருப்பதாக எனக்கும் அப்போது தெரியாது. இரண்டாம் முறை எஞ்சினைப் பிரித்த முதிய மெக்கானிக்தான் பஞ்சைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, காத்து நல்லா போகுதுன்னு சந்தோசப்படாதீங்க. காஞ்ச பஞ்சுக்குள்ள காத்தோட மண்ணும் சேந்துதான் போகும்.”

அவர் சொன்னதன் பொருளை மெல்ல மெல்லத்தான் புரிந்துகொண்டேன். காகித ஃபில்டர் சல்லடையைப் போன்றது. தூசி அதன் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். பஞ்சின் கண்களோ மிகப் பெரியவை. நமது சாலைத் தூசியில் பெரும்பகுதி அவற்றுக்குள் தாராளமாக நுழைந்துவிடும். ஆனால் அந்தக் கண்கள் நேர்வழியாக இல்லாமல் வளைந்து வளைந்து செல்வதால், காற்று திரும்பும் இடங்களில் கனமான தூசித் துகள் திரும்ப முடியாமல் சுவரில் மோதுகிறது. சுவரில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டிக்கொள்கிறது. இல்லாவிட்டால் தெறித்து உள்ளே போகிறது. ஒட்டிய துகளின் மீதும் எண்ணெய் ஊறி ஏறுவதால், அடுத்து வரும் துகளை அதுவே பிடிக்கிறது. ஆகவே இங்கே உண்மையான வடிகட்டி எண்ணெய்தான். பஞ்சு அதைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவே. கழுவிவிட்டு எண்ணெய் தடவாத பஞ்சைவிட, கழுவாமல் விட்ட அழுக்குப் பஞ்சு எஞ்சினுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. அழுக்குப் பஞ்சால் கலவையில் பெட்ரோல் மிகுந்து ப்ளக் கறுக்கும், புகை கூடும், மைலேஜ் குறையும். இவை அனைத்தும் ஒரு கழுவலில் சரியாகிவிடும். சிலிண்டரில் விழுந்த கோடு சரியாகாது. அதிலும் இந்த வண்டியில் இருப்பதுபோன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே ஏறுகின்றன என்பதால், உள்ளே போகும் மண் பிஸ்டனோடு நில்லாமல் கிராங்க் பேரிங்கையும் தின்கிறது.

தூசி எல்லாம் ஒன்றல்ல என்பதையும் இந்த ஆண்டுகளில் கண்டேன். கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் தூசி மாவுபோல நுண்மையாக இருக்கும். பஞ்சில் அது சாம்பல் நிறக் களிம்பாகப் படிந்து விரைவில் அடைக்கும், ஆனால் விரலில் தேய்த்தால் வழுவழுப்பாகவே இருக்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணிலும், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்னால் பறக்கும் கிரஷர் தூசியிலும் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கின்றன. இரும்பைக் கீறும் கடினம் கொண்ட அந்தத் துகள்களை விரலில் தேய்த்தால் உப்புத்தாளைத் தொட்டது போலிருக்கும். கரிசல் தூசி வண்டியின் மூச்சை அடைக்கிறது. கிரஷர் தூசி எஞ்சினை அறுக்கிறது.

இனி எண்ணெய்களுக்கு வருகிறேன். ஃபில்டர் பெட்டியையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர்க் குழாயின் உட்புறத்தில் மெல்லிய கிரீஸ் படலம் ஒன்றைத் தடவி வைத்துவிட்டு, அடுத்த கழுவலின்போது விரலால் தொட்டுப் பார்ப்பதையே என் சோதனை முறையாகக் கொண்டேன். கிரீஸ் நறநறத்தால் தூசி பஞ்சைக் கடந்திருக்கிறது என்று பொருள்.

முதலில் தடவியது வீட்டில் எப்போதும் இருக்கும் 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய். அது பெட்ரோலில் எளிதில் கலப்பதற்கென்றே நீர்த்த நிலையில் செய்யப்படுவது. பஞ்சில் நிற்கவே இல்லை. பத்து நாளில் ஃபில்டர் பெட்டியின் அடியில் தேங்கிக் கிடந்தது, கிரீசும் நறநறத்தது. அதை மீண்டும் முயலவில்லை.

அடுத்து 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில். மூன்று ஆண்டுகள் இதைத்தான் பயன்படுத்தினேன். குறை சொல்ல அதிகம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 1,500 கிலோமீட்டர் வரை பஞ்சு முழுவதும் ஈரப்பசையோடு இருக்கும். கத்திரி வெயிலில் வண்டி வெளியில் நிற்கும் நாட்களில்தான் சிக்கல்: எண்ணெய் இளகி மெல்ல இறங்கி, பஞ்சின் கீழ்ப்பாதி நனைந்தும் மேல்பாதி வெளிறியும் போய்விடும். கார்புரேட்டரிலிருந்து பின்னோக்கித் தெறிக்கும் பெட்ரோல் ஆவியும் பஞ்சின் உட்பக்கத்து எண்ணெயை அலசிவிடுகிறது. எனவே சித்திரையிலிருந்து ஆடிக் காற்று ஓயும்வரை 700 கிலோமீட்டருக்கு ஒருமுறை மறுபடி எண்ணெய் தடவ வேண்டியிருந்தது. அதற்கு மனம் உள்ளவர்களுக்கு எஞ்சின் ஆயிலே போதும். ஆனால் புது எண்ணெயாக இருக்க வேண்டும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலில் உலோகத் தூளும் கரியும் இருப்பதால், எதைத் தடுக்க நினைக்கிறோமோ அதையே நம் கையால் உள்ளே வைத்ததாகிவிடும்.

இறங்காத எண்ணெய் வேண்டும் என்று எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலை ஒரு கோடை முழுவதும் தடவிப் பார்த்தேன். தூசியை நன்றாகவே பிடித்தது. ஆனால் மார்கழிக் காலையில் அதே பஞ்சோடு வண்டி மூச்சுத் திணறியது. மூன்று நான்கு கிலோமீட்டர் போகும்வரை வேகமெடுக்க மறுத்தது, ப்ளக் ஈரக் கறுப்பாக வந்தது. நம்மூரின் வெயிலுக்கு மட்டும் ஏற்றது. அதையும் மிகச் சிக்கனமாகத் தடவினால்தான்.

2022 முதல் பஞ்சு ஃபில்டருக்கென்றே விற்கும் எண்ணெயைத் தருவித்துப் பயன்படுத்துகிறேன். தடவும்போது நீர்த்திருக்கிறது, அதிலுள்ள கரைப்பான் ஆவியான பிறகு, பலாப்பழப் பிசின் போல் இழுபடும் பசையாக மாறி அதே இடத்தில் நிற்கிறது. இந்த மூன்று ஆண்டுகளில் குழாயின் கிரீஸ் ஒருமுறைகூட நறநறக்கவில்லை. விலை எஞ்சின் ஆயிலைப் போலப் பல மடங்கு; கழுவும்போது சோப்பு மட்டும் போதாது, முதலில் டீசலோ மண்ணெண்ணெயோ வேண்டும் என்பது இதன் சங்கடம். ஒரு தடவைக்குச் செலவாகும் அளவு குறைவு என்பதால் விலையை நான் பெரிதாக நினைக்கவில்லை.

கழுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஞ்சைக் கழற்றியதும் குழாயின் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட வேண்டும். திரும்ப மாட்டும்போது அதை எடுக்க மறக்கக் கூடாது. பெட்ரோல் வேண்டாம், தீப்பற்றும் ஆபத்து ஒருபுறமிருக்க, பஞ்சின் ஒட்டுப் பகுதியை அது இளக்கிவிடுகிறது. மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டதால் டீசலில் இரண்டு முறை அமுக்கி எடுத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நுரை வெள்ளையாகும்வரை அலசுகிறேன். எந்த நிலையிலும் துணியைப் போல முறுக்கிப் பிழியக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்க வேண்டும், இல்லையேல் கண்கள் கிழியும். நிழலில் ஒரு பகல் முழுதும் காய வேண்டும். நேர் வெயில் பஞ்சின் ஆயுளைக் குறைக்கும், ஈரம் மிஞ்சினால் எண்ணெய் பிடிக்காது. காய்ந்த பஞ்சைக் கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, எண்ணெயை ஊற்றி, பையோடு பிசைந்தால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் சீராகப் பரவும், கையும் வீணாகாது. எங்கும் வெளிறிய திட்டு இருக்கக் கூடாது, எங்கும் சொட்டவும் கூடாது. ஓரிரவு விட்டு, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுகிறேன். கழுவிய டீசலைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. பாட்டிலில் ஒரு வாரம் வைத்தால் மண் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்தது அடுத்த முறையின் முதல் கழுவலுக்கு உதவும்.

பஞ்சு வாங்குவதிலும் கவனம் தேவை. ஒருமுறை நான் வாங்கிய புதுப் பஞ்சு, பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்திருக்க வேண்டும். முதல் கழுவலிலேயே அவல்போல உதிர்ந்தது. நல்லவேளையாகத் துகள் எதுவும் கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளையை) அடைக்கவில்லை. இப்போது கடையிலேயே பஞ்சை அமுக்கி, விட்டதும் உடனே எழுகிறதா என்று பார்க்கிறேன். வாய் வைத்து ஊதி, காற்று தடையின்றி மறுபுறம் வருகிறதா என்றும் பார்க்கிறேன். சத்தத்துக்காக ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டும் இளைஞர்களிடம் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: ஜெட்டை மாற்றாமல் அப்படி ஓட்டினால் கலவையில் காற்று மிகுந்து, சூடேறி, நான்குவழிச் சாலையில் நல்ல வேகத்தில் போகும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் அந்த நொடியில் பூட்டிக்கொள்ளும்.

2018-இல் இரண்டாம் முறை பிரித்தபோது ஏற்றிய 0.50 ஓவர் சைஸ் பிஸ்டன் 35,000 கிலோமீட்டரைத் தாண்டியும் இன்னும் உள்ளே இருக்கிறது. கடந்த தை மாதம் கரி எடுப்பதற்காக ஹெட்டைக் கழற்றியபோது சிலிண்டர் சுவரில் ஒரு கோடும் இல்லை. அதே முதிய மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்து, ரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்றார். இப்போது இரண்டு பஞ்சுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்: ஒன்று வண்டியில் இருக்கும்போது மற்றொன்று எண்ணெய் தடவிய நிலையில், வாய் கட்டிய பைக்குள், எண்ணெய் ஒருபுறமாக இறங்கிவிடாதபடி வாரம் ஒருமுறை புரட்டி வைக்கப்பட்டு, அலமாரியில் தயாராக இருக்கிறது.