தீர்ப்பு தப்பா, தீர்ப்புச் சொன்னவர் தப்பா? நுகர்வோர் வழக்கில் தோற்றவர் முன்னால் இருக்கும் வழிகள்

கோத்தகிரியில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் போன மழைக்காலத்தில் பதினோரு பக்கப் புகாரோடு வந்தார். கீசர் வாங்கிய இரண்டாவது மாதமே டேங்க் ஒழுகிவிட்டது. கடை கீழே சமவெளியில். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அது தெரியாமல் கடை இருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் போட்டு, வாய்தா வாய்தாவாக மலை இறங்கி ஏறி, கடைசியில் தோற்றும் போனார்.

"என் முகத்தையே பார்க்கலை தம்பி. வாயைத் திறந்தாலே போதும் போதும்னாரு. அந்த ஆள் மேல புகார் குடுக்கணும்" என்றார்.

பதினோரு பக்கத்தையும் படித்தேன். பத்துப் பக்கம் தீர்ப்பு தவறு என்றது. ஒரே ஒரு பக்கம்தான் தீர்ப்புச் சொன்னவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியது. இரண்டும் போக வேண்டிய இடம் வேறு வேறு. பலரும் சறுக்குவது இங்கேதான்.

நடத்தை பற்றிய புகாரை முதலில் பார்ப்போம். மாவட்ட ஆணையங்கள் மாநில ஆணையத்தின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் வருகின்றன. தலைவர் மீதோ உறுப்பினர் மீதோ குற்றச்சாட்டு வந்தால், அதை விசாரித்து மாநில அரசுக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரம் சட்டத்தின் 70-வது பிரிவில் இருக்கிறது. அவமதித்துப் பேசுவது, எதிர்தரப்போடு நெருக்கம், காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பது எல்லாம் இங்கே சொல்ல வேண்டியவை. பணம் கேட்டார்கள் என்றால் நேரே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டும். ஆனால் இந்தப் புகாரில் நீங்கள் முழுக்க ஜெயித்தாலும் உங்கள் தீர்ப்பில் ஒரு எழுத்து மாறாது. கீசர் பணம் வராது.

பணம் வர வேண்டுமானால் மேல்முறையீடு. உத்தரவு தேதியிலிருந்து 45 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில ஆணையத்தில் போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. பணம் கட்டும்படி உத்தரவானவர் மேல்முறையீடு செய்தால் அதில் பாதித் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். தோற்ற நுகர்வோருக்கு அந்தச் சுமை இல்லை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி ஒரு ராத்திரி பயணம் என்பதுதான் நம்மை மலைக்க வைக்கிறது. ஆனாலும் தீர்ப்பையே புரட்டும் பலம் இதற்குத்தான் உண்டு. சமரசத்தில் முடித்துக் கையெழுத்துப் போட்ட வழக்குக்கு மட்டும் மேல்முறையீடு கிடையாது.

மறுஆய்வு மனு பலருக்குத் தெரியாத வழி. பார்த்தவுடன் தெரியும் பிழை உத்தரவில் இருந்தால், அதே ஆணையத்தில் 30 நாளுக்குள் கேட்கலாம். அக்காவின் தீர்ப்பு நகலில் நான்காம் பக்கம் 'ரசீது தாக்கல் செய்யப்படவில்லை' என்று இருந்தது. கடைசிப் பக்கப் பட்டியலில் சான்றாவணம் 3 அதே ரசீதுதான்! அவர் விரலை அந்த இரண்டு வரிக்கும் நடுவில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். இது மறுஆய்வுக்கென்றே அமைந்த பிழை. சாட்சியத்தை எடைபோட்ட விதம் சரியில்லை என்பது போன்ற வாதம் இங்கே எடுபடாது, அது மேல்முறையீட்டுக்கு உரியது.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே நம்பிக்கை போய்விட்டால், வேறு மாவட்டத்துக்கு மாற்றச் சொல்லி மாநில ஆணையத்தில் புகார்தாரர் மனுப் போடலாம். எனக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை. கூடலூர்க்காரருக்கு நம் மாவட்ட ஆணையம் இருக்கும் ஊட்டியே ஐம்பது கிலோமீட்டர். மண் சரிந்தால் அதுவும் இல்லை. வழக்கு கோவைக்குப் போனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். பாரபட்சத்துக்குத் திடமான ஆதாரம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

இத்தனையிலும் நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: நடத்தைப் புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்காக 30 நாளும் நிற்காது, 45 நாளும் நிற்காது. மறுஆய்வு போட்டிருக்கிறோம் என்றாலும் 45 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நகல் கைக்கு வந்த அன்றே காலண்டரில் இரண்டு தேதியையும் வட்டம் போடுங்கள்.

அக்கா வந்த அன்று, உத்தரவு தேதியிலிருந்து இருபத்தோராவது நாள். மறுஆய்வு மனு இரண்டு பக்கத்தில் முடிந்தது. அது ஏற்கப்படாவிட்டால் என்ன செய்வது என்று மேல்முறையீட்டையும் கையோடு எழுதி வைத்தோம். அப்புறம் புகாரை எடுத்தோம். பத்துப் பக்கம் போய், எந்தத் தேதி, என்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரே பக்கமாக நின்றது. 'அந்த ஆள்' என்று இருந்த இடத்தில் எல்லாம் பதவியின் பெயரை எழுதினார். மறுநாள் மறுஆய்வு மனுவையும் புகாரையும் தனித்தனி கவரில் போட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார்.