களிமண் பள்ளிக்கு, ஓலை தெருவுக்கு: மதுரையில் கைவினை வகுப்பு நடத்த நினைப்பவர்களுக்கு

மதுரைப் பக்கம் பிள்ளைகளுக்குக் கைவினைப் பயிலரங்கு நடத்த வேண்டும் என்று யோசனை கேட்கிறவர்கள், முதலில் என்ன சொல்லித் தரலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். களிமண்ணா, பனையோலையா, துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சுங்குடியா, இல்லை கடையில் விற்கிற கிட்டா? நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த வாரம் வந்த பிள்ளை அடுத்த வாரமும் வருமா? பள்ளிக்குள் நடத்தினால் வரும், அதே வகுப்பு, அதே பெஞ்சு. தெரு மண்டபத்திலோ நூலகத்திலோ நடத்தினால் பாதி முகம் புதிதாக இருக்கும். என்ன கைவேலை என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் பலர் தனக்குப் பிடித்ததை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் இடம் தேடுகிறார்கள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசும் நேரமும் இருக்கிறது என்றால் நான் பள்ளியைத்தான் சொல்வேன், அதுவும் ஊருக்குள் இருக்கும் சின்ன அரசுப் பள்ளி. காரணம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது, ஆனால் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். தமிழ்நாட்டில் 2012ல் அப்படி 16,549 பேரை வேலைக்கு எடுத்தார்கள், வாரத்துக்கு மூன்று அரை நாள் என்ற கணக்கில். அறுபது எழுபது பிள்ளைகள் படிக்கிற நடுநிலைப் பள்ளி அந்தக் கணக்குக்குள் வராது. ஐந்தாம் வகுப்பு வரை பேச்சே இல்லை. அரசு இலவசமாகத் தருகிற கலர் பென்சிலும் கிரேயானும் பிள்ளைகள் கையில் இருக்கும், உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்காது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022ல் தொடங்கிய கலைத் திருவிழா நல்ல விஷயம்தான், ஆனால் அது போட்டி. ஏற்கெனவே கை வருகிற பிள்ளையைத்தான் பள்ளி அனுப்பி வைக்கும். தனக்கு இது வருமா வராதா என்றே தெரியாத பிள்ளைக்குப் பள்ளி நேரத்தில் நடக்கும் வகுப்பைத் தவிர வேறு வழி கிடையாது. கூட்டிவர அம்மா அப்பாவுக்கு நேரம் இல்லாத பிள்ளையும், கூச்சப்பட்டு மண்டப வாசலிலேயே நின்றுவிடும் பிள்ளையும் அங்கேதான் நமக்குக் கிடைப்பார்கள்.

பள்ளியில் சிக்கலும் உண்டு. ஒரு பீரியட் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம், அதில் விரித்து எடுத்து வைக்கவே கால்வாசி போய்விடும், அதனால் இரண்டு பீரியட் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி ஹெச்எம்மிடம் முதல் நாளே பேசிவிட வேண்டும். மதிய உணவுக்குப் பிந்தைய இரண்டு பீரியட் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வெளியாள் உள்ளே வர அனுமதிக் கடிதம் கேட்பார்கள், அதைத் தடை என்று நினைக்காமல் முறையாக வாங்கிக்கொடுங்கள், கேட்பதுதான் சரி. வகுப்பாசிரியர் கூடவே இருக்கட்டும்.

இப்போது களிமண். பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. நாற்பது பிள்ளைக்கு ஆளுக்கு அரைக் கிலோ என்றால் இருபது கிலோ, ஒரு மூட்டைக்குள் அடங்கிவிடும். கண்மாயில் போய் நாமே அள்ளாமல், பானையோ பொம்மையோ செய்கிறவரிடம் பக்குவப்படுத்திய மண்ணாகவே வாங்குவது நல்லது, அவர் கல் பொறுக்கி, நைஸ் மணல் சேர்த்து, மிதித்து வைத்திருப்பார், வெடிப்பு குறையும். பிள்ளைகள் எல்லாரும் முதலில் செய்வது தடித்த யானையும் பிள்ளையாரும்தான். தடிமன் ஒரு விரலுக்கு மேல் போனால் வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், சூளையில் வைத்தால் சிதறிவிடும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். உள்ளே குடையச் சொல்லித் தர வேண்டும். தும்பிக்கையை, காதை ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் குச்சியால் கீறிவிட்டு, கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி அழுத்தினால்தான் நிற்கும், சும்மா ஒட்டினால் காய்ந்ததும் உதிரும். மதுரை வெயில் வேறு. செய்ததை வெயிலில் வைத்தால் மாலைக்குள் கோடு கோடாகப் பிளக்கும், வகுப்பின் மூலையில் ஈரத்துணி போர்த்தி நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். அதற்குத்தான் அடுத்த வாரமும் அதே பிள்ளை வர வேண்டும் என்கிறேன். முதல் வாரம் பிசைந்து பழகுவது, இரண்டாம் வாரம் செய்வது, மூன்றாம் வாரம் காய்ந்ததைத் தேய்த்துச் சரிசெய்து சூளைக்கு அனுப்புவது, நான்காம் வாரம் வண்ணம். தான் செய்தது காய்ந்து, வெந்து, நிறம் மாறித் திரும்பி வருவதைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்த ஒரு மாதம் முழுக்க அது தன்னுடையதாக இருக்கும்.

இரண்டு சின்ன விஷயம். சீருடை அழுக்காகும் என்று வீட்டிலிருந்து சண்டை வரும், அப்பாவின் பழைய சட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள். கையைக் குழாயடியில் கழுவவிடாதீர்கள், வடிகால் அடைத்துக்கொண்டால் அடுத்த முறை பள்ளிக்குள் விட மாட்டார்கள். இரண்டு வாளியில் கழுவி, தெளிந்த நீரை மரத்துக்கு ஊற்றிவிட்டு அடியில் தங்கிய மண்ணைத் திரும்ப மூட்டையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

களிமண்ணுக்கு இந்த ஊரில் இன்னொரு பலம் இருக்கிறது. மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் சுடுமண் பொம்மை, ஆட்டக் காய்கள், நூல் நூற்கும் தக்களி, பெயர் கீறிய பானை ஓடு எல்லாம் இருக்கின்றன. முதல் வாரத்துக்கும் இரண்டாம் வாரத்துக்கும் நடுவில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக முடிந்தால் நீங்கள் தனியாக எதுவும் விளக்க வேண்டாம். ஈர மண்ணில் தன் பெயரைக் கீறச் சொன்னால் போதும்.

தெருவுக்கு வருவோம். சமுதாயக்கூடம், கோயில் மண்டபம், மகளிர் குழுக் கட்டடம், புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரி சிறுவர் பகுதி உள்ள நூலகம், எதுவானாலும் சரி. இங்கே பீரியட் மணி அடிக்காது, இரண்டு மணி நேரம் தாராளமாக உட்காரலாம், ஏழு வயதுத் தம்பியும் பதின்மூன்று வயது அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். பள்ளியில் கிடைக்காத இன்னொன்றும் உண்டு: பேரப்பிள்ளையைக் கூட்டிவந்த பாட்டி தானே ஓலையை எடுத்துப் பின்ன ஆரம்பித்துவிடுவார். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கக் கிராமங்களில் பெட்டியும் முறமும் பின்னத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், "இப்படி இல்ல தாயி, மேல ஒண்ணு கீழ ஒண்ணு விடு" என்று அவர் சொல்லித் தருகிற வேகத்துக்கு நம் பயிற்றுநர் வர மாட்டார். ஆனால் அடுத்த வாரம் டியூஷன், கல்யாண வீடு, மழை என்று யார் வருவார் என்று சொல்ல முடியாது. ஆகவே உட்கார்ந்த இடத்தில் தொடங்கி அங்கேயே முடிகிற வேலைதான் வேண்டும்.

அதற்குப் பனையோலை. காற்றாடி கால் மணி நேரம், கிலுகிலுப்பை ஒரு மணி நேரம், பிள்ளை அதை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகும். குருத்தோலையை நிழலில் உலர்த்தி, பின்னுவதற்கு முன் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும், காய்ந்த ஓலை மடிக்கிற இடத்தில் முறியும். ஓரம் கையை அறுக்கும் என்பதால் ஈர்க்கு எடுத்து, ஒரே அகலத்துக்குக் கிழித்து வைக்கிற வேலையைப் பெரியவர்களே முன்கூட்டி முடித்துவிட வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே கத்தியைக் காட்டவே காட்டாதீர்கள். செலவு என்று பார்த்தால் மரம் ஏறுகிறவர் கூலிதான்.

சுங்குடி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2005ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சேலை, சௌராஷ்டிர மக்கள் தலைமுறையாக முடிச்சுப் போட்டுச் செய்துவருவது, பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்தான். முடிச்சு போடுவது எங்கேயும் செய்யலாம். சின்ன விரலுக்குத் துணியைக் கிள்ளி நூல் சுற்றுவது சிரமம் என்றால் உள்ளே ஒரு கொண்டைக்கடலையை வைத்துக் கட்டச் சொல்லுங்கள், புள்ளி பெரிய வளையமாக விழும், கைக்குட்டைக்கு அது போதும். சாயம்தான் பிரச்சினை. கொதிக்கும் சாயத் தொட்டியும் ரசாயனமும் பிள்ளைகள் பக்கத்திலேயே கூடாது. மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து, பெரியவர் ஒருவர் தெளிந்த சுண்ணாம்பு நீரில் நனைத்துக் காட்டினால் மஞ்சள் சிவப்பாகும், சட்டையில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டால் சிவப்பாவதும் இதனால்தான் என்று அறிவியல் டீச்சரே வந்து பாடம் எடுத்துவிடுவார். வெயிலில் வெளுத்துவிடும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளியில் ஒரு வாரம் முடிச்சு, அடுத்த வாரம் சாயம் என்று பிரித்தால் நன்றாக அமையும். தெருவில் நான் வைக்க மாட்டேன்.

கிட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டி வைத்த அட்டை, ஐஸ்குச்சி, கிளிட்டர், ஒரு டியூப் பசை. தண்ணீர் வசதி இல்லாத கூடத்தில், நூறு பேருக்கு ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் கை கொடுக்கும், போட்டோவும் அழகாக வரும். ஆனால் முடிவில் நூறு பொம்மையும் ஒரே பொம்மை, எது யாருடையது என்று பின்பக்கப் பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு கைவினைஞரை நான்கு வாரம் வரவழைக்கலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கைவினைஞர் என்றால் மதுரைக்காரர்களுக்கு விளாச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது, பொம்மை செய்கிற குடும்பங்கள். அவர்கள் காலண்டரையும் பள்ளிக் காலண்டரையும் சேர்த்துப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். ஆடி பிறந்தால் விநாயகர் சதுர்த்தி வேலை, உடனே கொலு பொம்மை, அது முடிந்தால் கிறிஸ்துமஸ் குடில், அந்த ஆறு மாதம் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பள்ளிக்கோ செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் ஏப்ரல் தொட முடியாது. இரண்டும் ஒத்து வருவது ஜூன் மாதமும், பொங்கல் முடிந்து பிப்ரவரி வரையும்தான். தெரு வகுப்பை மே மாதத்துக்கு வையுங்கள், சித்திரைத் திருவிழா நாட்களை விட்டுவிட்டு, அழகர் வருகிற நேரத்தில் எந்தப் பிள்ளையும் மண்டபத்துக்கு வராது.

கூலியை அவர் கடையில் ஒரு நாள் உட்கார்ந்தால் சம்பாதிப்பதைவிடக் குறையாமல் பேசி, வகுப்பு முடிந்த அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள், மண்ணுக்கும் சூளைக்கும் ஆட்டோவுக்கும் தனியாக.