குருசடைத் தீவுக்கு முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

கொடைக்கானல் மக்களே, சீசன் முடிந்து கையில் கொஞ்சம் பணம் நிற்கிற நேரம் பார்த்துத்தான் முன்பணம் கேட்கும் இந்த டிராவல்ஸ்காரர்கள் வருகிறார்கள். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஏழு ரோடு பக்கம் ஒரு டிராவல்ஸில் 'மன்னார் வளைகுடா தீவுச் சுற்றுலா' என்று பலகை பார்த்தேன். ராமேஸ்வரம் பக்கக் கடலில் இருக்கிற குருசடைத் தீவுக்குத்தான் அது. அம்மாவுக்கு 68 வயது, கடலையே பார்த்ததில்லை. பவளப்பாறை பார்க்க வேண்டும் என்று பேத்தியோடு சேர்ந்து அவருக்கும் ஆசை. வேன், படகு எல்லாம் சேர்த்து எட்டுப் பேருக்கு 34,000 ரூபாய். "தீவுலயே இறங்கலாம்ணே, வனத்துறை பர்மிஷன் எங்க பொறுப்பு" என்றார் டிராவல்ஸ்காரர். 20,000 ஜிபேயில் அனுப்பினேன். ரசீது தரவில்லை.

ராத்திரியெல்லாம் பயணம் செய்து காலையில் தீவுக்குப் படகு கிளம்பும் குந்துகால் போய்ச் சேர்ந்தோம். கவுன்டரில் எங்கள் பெயரே இல்லை. அங்கிருந்த வனத்துறை ஊழியர் பொறுமையாக விளக்கினார். 1986 முதல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, நினைத்தவர்கள் நினைத்தபடி இறங்க முடியாது. குருசடைக்கு வனத்துறைப் படகில்தான் போகலாம், டிக்கெட்டை அங்கேயே எடுக்க வேண்டும். ஆடிக்காற்று பலமாக இருந்ததால் அன்று படகே இல்லை, முந்தின நாளும் இல்லையாம். ஒரு போன் போட்டிருந்தால் டிராவல்ஸ்காரருக்குத் தெரிந்திருக்கும். நம்ம ஊர் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை பாஸ் வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிற நானும் முதலிலேயே விசாரித்திருக்க வேண்டும்.

டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்தால், "வேற கரையில நம்ம ஆள் நிக்கிறார், போங்க" என்றார். போனோம். ஒரு மீன்பிடிப் படகு. எட்டுப் பேருக்கு இரண்டே லைஃப் ஜாக்கெட், அதில் ஒன்றுக்குக் கொக்கி இல்லை. ஏறி உட்கார்ந்ததும் ஒரு அலை அடித்தது, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். படகோட்டி பாவம், உண்மையைச் சொன்னார்: "தீவுகிட்ட போனா கேஸ் போடுவாங்கண்ணே. தூரத்துல காட்டிட்டுத் திருப்பச் சொன்னாங்க. எனக்கு 1,500 தான்." எல்லோரையும் உடனே இறக்கிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

கரையில் நின்ற டிராவல்ஸ் ஆள் ஒருவர், ஞாபகத்துக்கு என்று பவளத் துண்டுகளை விற்கப் பார்த்தார். தயவுசெய்து தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது. கையில் வைத்திருந்து பிடிபட்டால் வழக்கு நம் மேல்தான்.

திரும்பும்போது பாக்கி 14,000 வந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் பசியில் இருந்தார்கள், கொடுத்துவிட்டேன்.

போக நினைப்பவர்கள் அன்று படகு ஓடுகிறதா என்று வனத்துறையிடம் நேரடியாகக் கேளுங்கள், கவுன்டரில் மட்டும் பணம் கட்டுங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அந்தப் பலகை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.