பத்தாம் வகுப்பில் நிறுத்தினால் என்ன மிஞ்சும்? பாட்டு, பரதம், நாடகம், பறை: ஒரு மதுரை அம்மாவின் அலசல்

விஜயதசமி நெருங்கினால் எங்கள் தெருவில் ஒரே கேள்விதான். "பாப்பாவை எதுல சேர்க்கலாம்?" போன வருடம் கீழ்வீட்டு அக்கா கேட்டார். மகளுக்கு ஒன்பது வயது. பாட்டா, பரதமா, இல்லை கோடை லீவில் நடக்கிற நாடகப் பட்டறையா? என் பிள்ளைகள் இரண்டு பேரும் எட்டு வருடமாக இந்த வகுப்புகளில் ஏறி இறங்கியவர்கள். வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து காத்துக் கிடந்தவள் நான். அதனால் என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பிவிட்டார்.

நான் திருப்பி ஒன்று கேட்டேன். "பத்தாங்கிளாஸ் வந்ததும் நிறுத்திடுவீங்கல்ல?"

"பின்ன? பப்ளிக் எக்ஸாம் இருக்கே."

அவரைக் குறை சொல்ல நான் யார்? நானும் நிறுத்தியவள்தான். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கையோடு பாட்டு வகுப்பிலும் நடன வகுப்பிலும் பாதிப் பாய் காலியாகிவிடும். டீச்சர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். அப்படியிருக்க எது உயர்ந்த கலை, எதில் பேர் கிடைக்கும் என்று அலசுவதில் பொருளில்லை. ஐந்தாறு வருடம் படித்துவிட்டு நிறுத்தினால் எதில் எவ்வளவு மிஞ்சும்? நான் அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன்.

பாட்டிலிருந்து தொடங்குகிறேன். முதல் வருடம் சலிப்புதான், மறைக்க வேண்டியதில்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பயிற்சி, அப்புறம் ஜண்டை வரிசை, அப்புறம் அலங்காரம், எல்லாவற்றையும் மூன்று காலத்தில். கொலுவுக்கு வந்த அத்தை "ஒரு பாட்டுப் பாடு கண்ணு" என்றால் பிள்ளை ஸ ரி க ம பாடும். அத்தை முகம் சுருங்கும். பரதத்திலோ ஆறு மாதத்தில் ஒரு சின்ன உருப்படிக்கு, அதாவது ஒரு சின்ன நடனத்துக்கு, மேடை ஏற்றிவிடுவார்கள். ஆண்டு விழா வீடியோவை ஒப்பிட்டால் பாட்டு தோற்றுத்தான் போகும்.

ஆனால் அந்த வருடத்தில் தொண்டையைவிட அதிகம் வேலை நடப்பது காதில். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் பிறந்தது இதே மதுரையில். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். வாய் திறக்கும் முன்பே ஸ்ருதி காதில் விழுந்துகொண்டிருந்த வீடு. நம் வீட்டில் விழுவது மிக்சி சத்தம். அந்தக் குறையைத்தான் வகுப்பில் ஓடுகிற தம்புரா ஈடுகட்டுகிறது, அது செல்போன் ஆப்பில் ஓடினாலும் சரி. என் மகன் பாட்டு வகுப்பை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு நடுவே யாராவது ஸ்ருதி விலகினால் இன்னமும் அவன் புருவம் ஏறும். குரல் எட்டும் உயரம் குறைந்துவிட்டது. காது அப்படியே இருக்கிறது.

பையன்கள் விஷயத்தில் பாட்டுக்கு ஒரு கண்டம் உண்டு. மகரக்கட்டு, அதாவது குரல் உடைவது. பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீள்கின்றன, பேச்சுக் குரலே கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும்; ஆனால் கொஞ்சமாக, சத்தமில்லாமல். என் மகன் ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்தவன். (கட்டை என்பது ஸ்ருதியின் உயரம்; எண் கூடினால் ஸ்ருதி உயரும்.) ஒரு நாள் மேல் ஸட்ஜத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அப்போது இருந்த டீச்சர், "சாதகம் பத்தலை, அழுத்திப் பாடு" என்றார். இரண்டு மாதம் அழுத்தினான். காலையில் எழுந்தால் கரகரப்பு, சாயங்காலம் வலி. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போன பிறகுதான், உடைகிற குரலை மேலே தள்ளக் கூடாது என்று எங்களுக்குப் புரிந்தது. வேறு டீச்சரிடம் மாற்றினோம். அவர் எடுத்த எடுப்பில் தம்புராவை இரண்டு கட்டை இறக்கினார். "மேல போகாத தம்பி. வர்ற இடத்துல மட்டும் பாடு. தாளம் போடு, ராகம் கேளு. ஆறு மாசம் இப்படியே போகட்டும்" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். இப்போது அவன் ஒன்றரை கட்டையில் நிற்கிறான்.

என் மாமியார் அந்த இரண்டு மாதமும் மிளகுப் பால் கொடுத்தார். பாவம், நல்ல மனசு. விழுங்குவதெல்லாம் உணவுக்குழாயில் இறங்கும். குரல் நாண்கள் இருப்பது மூச்சுப் போகிற பாதையில். பால் அங்கே போனால் புரையேறும்! தண்ணீர் நிறையக் குடிப்பதும், கிரிக்கெட் மைதானத்தில் கத்தாமல் இருப்பதும்தான் உண்மையில் உதவியது.

மகரக்கட்டு என்ற சொல்லே எனக்கு நாடகக்காரர்களிடமிருந்து வந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். முழுக்கச் சிறுவர்களே நடித்த குழு. பின்னாளில் பெரிய நாடக நடிகரான அவ்வை டி.கே. சண்முகம் சின்னஞ்சிறு பையனாகச் சேர்ந்தது அங்கேதான். எம்.ஜி.ஆர். வளர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். அந்தக் கம்பெனிகளில் பாட்டும் வசனமும் ஆட்டமும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தன. குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போய்விடும். நேற்றுவரை வள்ளியாக நின்றவன் இன்று ஓரத்தில் நிற்பான். பிள்ளைகள் அப்பா அம்மாவை விட்டு ஊர் ஊராக அலைந்த காலம் அது, அதற்காக ஏங்க வேண்டியதில்லை. இருந்தாலும் அந்தப் பாடத்திட்டத்தை நினைத்தால் கொஞ்சம் பொறாமை வருகிறது. இன்று அதே மூன்றுக்கும் நான் மூன்று தெருவுக்கு ஸ்கூட்டி ஓட்டுகிறேன்.

சரி, பரதம். மகள் ஏழு வயதில் சேர்ந்தாள். டீச்சர் தட்டுக்கழியால் மனைப்பலகையில் தட்டுவார். "தையா தை" என்று சொல்கட்டு வரும். இருபது ஜோடிக் கால் ஒன்றாகத் தரையில் விழும்போது கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறி வருவார். தட்டடவு, நாட்டடவு என்று அரைமண்டியில், முழங்காலை வெளிப்பக்கம் மடக்கி, பாதி உட்கார்ந்து உட்கார்ந்து தொடை நடுங்கும். உடம்பில் உடனே தெரிகிற மாற்றத்தை வைத்துப் பார்த்தால் பரதத்துக்கு ஈடு இல்லை. கூன் போட்டு நடந்தவள் மூன்றே மாதத்தில் நிமிர்ந்தாள். பாட்டில் இதுபோலக் கண்ணுக்குத் தெரிகிற பலன் வர வருடங்கள் ஆகும்.

விட்டால் போவதும் பரதம்தான் முதலில். பத்தாம் வகுப்பு முடிந்து பதினான்கு மாதம் கழித்து மகள் மறுபடி நின்றாள். அரைமண்டி உட்காரவில்லை. முழங்கால் வெளிப்பக்கம் திறக்காமல் முன்னால் போனது. பழைய உருப்படியின் அபிநயம் முழுக்க நினைவில் இருந்தது, கால்தான் மறுத்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து அழுதுவிட்டாள். அவள் தம்பி பாட்டில் இருபது நாளில் பிடித்த இடத்தை இவள் பிடிக்க நான்கு மாதம் ஆயிற்று.

தரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முதலில் சேர்த்த இடம் மொட்டை மாடித் தகரக் கொட்டகை. சிமெண்டுத் தளத்தின் மேல் டைல்ஸ். சித்திரை மாதம் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றவர்களுக்குத் தெரியும். வருடக் கடைசியில் கணுக்காலுக்கு மேலே எலும்போடு வலி என்றாள். "புதுசா ஆடுறவங்களுக்கு வர்றதுதான்" என்று தட்டிக் கழித்தார்கள். இரண்டாவது டீச்சர் வீட்டில் மரப்பலகைத் தளம் இல்லைதான். ஆனால் கனமான விரிப்பு இருந்தது, ஆடுவதற்கு முன் பத்து நிமிடம் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி இருந்தது. வலி போனது. வாயால் பாடும் வகுப்புக்கு எந்தத் தரையும் போதும். ஆடும் வகுப்புக்குப் போனால் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து பாருங்கள்.

செலவிலும் பரதம் தனி ரகம். மாதக் கட்டணம் பாட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் தடவை சலங்கை கட்டுகிற சலங்கை பூஜை வரும்போதுதான் பர்ஸ் திறக்கும். அரங்கேற்றம் வந்தால் திறந்தபடியே இருக்கும். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், ஒப்பனை, மூன்று செட் உடை, ஹால், வந்தவர்களுக்குச் சாப்பாடு. என் சொந்த அக்கா மகளுக்கு நடந்தது சின்னக் கல்யாணம் போல. அலாரிப்பிலிருந்து தில்லானா வரை பிள்ளை அருமையாகத்தான் ஆடினாள். அடுத்த வாரமே நீட் கோச்சிங். அரங்கேற்றம் என்றால் மேடையில் ஏறத் தொடங்குவது என்று நினைத்திருந்தேன். பல வீடுகளில் அது வழியனுப்பு விழா.

கை கடிக்கிறது என்பவர்கள் ஜவகர் சிறுவர் மன்றத்தை மறக்க வேண்டாம். 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு வகுப்புகள். பாட்டும் பரதமும் உண்டு. அரசு நடத்துவதால் கட்டணம் பெயருக்குத்தான். கூட்டம் இருக்கும், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கவனிப்பது கஷ்டம். முதல் இரண்டு வருடத்துக்கு அது குறையே இல்லை. ஆர்வம் நிஜம்தானா என்று தெரிந்த பிறகு தனி ஆசிரியரிடம் போகலாம். 10 முதல் 14 வயதுக்குள் இருப்பவர்களுக்கு கலை கற்க மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. நிறுவனம் தரும் உதவித்தொகையும் இருக்கிறது. பள்ளிக்குப் பிறகும் விடமாட்டேன் என்கிற பிள்ளைக்குப் பசுமலையில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது.

நாடகம்தான் எனக்கு ஆச்சரியம் தந்தது. மகன் குரல் உடைந்து பாட வெட்கப்பட்டுக் கிடந்த கோடையில், பத்து நாள் பட்டறை ஒன்றில் சும்மா சேர்த்தேன். இரண்டாம் நாள் எட்டிப் பார்த்தால் பெரியார் பஸ் ஸ்டாண்ட் விளையாட்டு நடக்கிறது. ஒவ்வொருவரும் கண்டக்டர். அறையின் கடைசிச் சுவருக்குக் கேட்க வேண்டும், ஆனால் கத்தக் கூடாது. என் மகன் "பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர், திருமங்கலம்!" என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு இரைந்தான். சொல்லிக்கொடுத்த அண்ணன் வந்து அவன் விலாவுக்குக் கீழே அவன் கையையே வைத்தார். "இங்க மூச்சு இறங்கட்டும். 'திரு'வை அவசரப்படாமச் சொல்லு. ஊர்ப் பேரை முழுங்காத." நான்காவது முறை சத்தம் குறைந்தது, சுவருக்கு நன்றாகக் கேட்டது. உடைந்த குரல் ஒரு பிரச்சினையாகவே இல்லை. கண்டக்டர் குரல் உடைந்துதானே இருக்கும்.

பாட்டு வகுப்பு அவனை வெளியே தள்ளியிருக்கக்கூடிய வயதில் நாடகம் உள்ளே இழுத்துக்கொண்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு நான் முதலில் நாடகத்தைச் சொல்வதற்கு இதுதான் காரணம். மிஞ்சுவதும் அதிகம். கூட்டத்தில் தன் முறைக்குக் காத்திருப்பது, எதிராளி சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்வது, மறந்துபோனால் சமாளிப்பது. இவை பத்தாம் வகுப்புக்குப் பின் துருப்பிடிக்கவில்லை.

நாடகத்தின் குறை, அது தொடர்ந்து கிடைப்பதில்லை. திண்டுக்கல் போகிற வழியில் காந்திகிராமத்தில் 1977இல் 70 நாள் பயிலரங்கு நடந்து, நவீன நாடகக்காரர்களின் ஒரு தலைமுறையே அதிலிருந்து கிளம்பியது. அந்த நீளத்தில் பிள்ளைகளுக்கு இங்கே இன்று எதுவும் என் கண்ணில் படவில்லை. பத்து நாள் நடக்கும், சான்றிதழ் தருவார்கள், அடுத்த மே வரை மௌனம். பாட்டும் பரதமும் செவ்வாய், வியாழன் என்று வருடம் முழுக்க ஓடும். 2022-23இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். நாடகம் செய்ய ஒரு சாக்காவது கிடைத்திருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தைப் பிள்ளைக்கு ஒரு தடவையாவது காட்டுங்கள் என்பேன். அதன் நடிகர்கள் ஒத்திகை பார்ப்பதில்லை. தனித்தனியாக வந்து, அன்றிரவு மேடையிலேயே சேர்ந்து, விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திவிடுவார்கள். சொல்லித்தருகிற பள்ளிக்கூடம் கிடையாது, பார்த்துப் பழகியதுதான்.

பறைக்கு வருவதற்குள் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. மகள் பதினோராம் வகுப்பில் கேட்டாள். "சாவுக்கு அடிக்கிறதை நம்ம பிள்ளை அடிக்கவா?" என்றார் மாமியார். அதற்குப் பின்னால் இருப்பது சாதிதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்த செய்தியைப் பேப்பரில் காட்டினேன். பத்மஸ்ரீ என்ற சொல்லுக்கு அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். அப்படி இறங்கியது எனக்குப் பெருமையாக இல்லை.

இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி, தோளில் பறை. அடித்துக்கொண்டே ஆட வேண்டும். பரதத்தில் தாளம் டீச்சர் கையில் இருக்கும். இங்கே ஆடுகிறவள் கையிலேயே. வருடக்கணக்கில் அடவு ஆடியவளுக்கு முதல் நாளே கால் வந்துவிட்டது, கை வரவில்லை. செலவு மிகக் குறைவு, கண்ணாடி அறை வேண்டாம், யாரும் முன்வரிசை பின்வரிசை இல்லை. ஆனால் அக்கம்பக்கம் தாங்காது. மைதானமோ தோப்போ வேண்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கருவி பாரம்தான். அவர்களுக்கு ஒயிலாட்டம் பொருந்தும்: கையில் கைக்குட்டை, வரிசையில் ஆட்டம்.

சினிமா நடன வகுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை. வியர்க்கும், சிரிப்பார்கள், நல்லதுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பாட்டைத் தேர்வு செய்கிறார்கள் என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஆண்டு விழாவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஆன்லைன் வகுப்பு? பாட்டுக்கு ஓரளவு சரி, டீச்சர் பாடி நிறுத்திய பின் பிள்ளை பாடலாம். சேர்ந்து பாட முடியாது, சத்தம் தாமதமாக வரும். ஆட்டத்துக்கு வேண்டாம். நாடகத்துக்கு அறவே வேண்டாம்.

கீழ்வீட்டு அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது காபி ஆறிவிட்டது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு என் ஓட்டு பாட்டுக்கு, கோடையில் பத்து நாள் நாடகம், பரதம் கேட்டால் மட்டும் பரதம். மூன்று இடத்திலும் ஒரு சாதாரண நாளில் போய் அரை மணி உட்காருங்கள், விழா நாளில் போகாதீர்கள் என்றேன். ஒரு பிள்ளை தப்புச் செய்யும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று பார்க்கச் சொன்னேன்.

இரண்டு இடம் பார்த்துவிட்டு வந்தார்கள். அக்காவுக்குப் பரத வகுப்பு பிடித்திருந்தது, சுவரெல்லாம் கேடயம். மகள் பாட்டு மிஸ்ஸிடம்தான் போவேன் என்று அடம். ஏன் என்று கேட்டேன்.

"அந்த அக்கா தப்பாப் பாடுனாங்க. மிஸ் நிறுத்தவே இல்ல, கூடவே பாடுனாங்க. அப்புறம் அந்த அக்காவே சரியாப் பாடிட்டாங்க."

விஜயதசமி அன்று தட்டில் வெற்றிலை பாக்கும் நூற்றொரு ரூபாயும் வைத்துப் போய்ச் சேர்த்தார்கள். இப்போது மாலை ஆறு மணிக்குக் கீழிருந்து சரளி வரிசை கேட்கிறது. இரண்டாம் காலத்தில் நி எப்போதும் கொஞ்சம் இறங்குகிறது. மேலே என் மகன் புருவத்தை ஏற்றுகிறான்.